மாராவில் லொறி நின்ற நாள்

என் கணவர் லண்டனில் நிலக்கீழ் ரயில் ஓட்டினார். குளிர்காலத்தில் விடியுமுன் வீட்டை விட்டுப் போவார், இருட்டியபின் திரும்பி வருவார். இடையில் இருந்த பகல் முழுவதும் சுரங்கத்துக்குள் போய்விடும். ஆனாலும் அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வண்டியைக் கொண்டுவந்து நிலைய மேடையோரம் குலுக்காமல் நிறுத்துவதில் அவருக்கு ஒரு பெருமை. எப்போதாவது நான் அவருடைய வண்டியில் போக நேர்ந்தால், இறங்கியபின் முன்பக்கம் நடந்துபோய்க் கையசைப்பேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். வேலை நேரத்தில் சிரிக்கமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதக் காலையில், ஒரு மனிதர் அவருடைய வண்டிக்கு முன்னால் விழுந்து இறந்துபோனார். கூட வேலை செய்த ஒருவர்தான் இவரைக் காரில் கொண்டுவந்து ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டு வாசலில் விட்டார். இவர் கோட்டைக் கழற்றாமல் அப்படியே சோபாவில் இருந்தார்.

"ஒராள் விழுந்திட்டுது," என்றார்.

நான் பக்கத்தில் இருந்து என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பிறகு சொல்றன்."

அந்தப் பிறகு வரவில்லை. வேலையிடத்தில் அவருக்கு விடுமுறை கொடுத்தார்கள். இப்படியானவர்களோடு பேசுவதற்கென்று இருந்த ஒரு பெண்மணியிடம் கிழமைக்கொரு தரம் அனுப்பினார்கள். போய்விட்டு வந்து, "நல்ல மனிசி," என்பார், அவ்வளவுதான். வசந்தத்தில் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினார். சாப்பிட்டார், குளித்தார், கடைக்குப் போனார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் தானாக ஒரு கதையைத் தொடங்குவது நின்றுவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்த சத்தம் எங்கள் இருவரின் பேச்சுத்தான். அதில் பாதி நின்றபோது குளிர்சாதனப் பெட்டி உறுமுவதுகூடக் கேட்டது.

மாலைகளில் அவர் தொலைக்காட்சியில் மிருகங்களைப் பற்றிய நிகழ்ச்சிகளைப் பார்ப்பார். பிடித்தவற்றை வீடியோ நாடாவில் பதிந்துவைத்துத் திரும்பவும் பார்ப்பார். புல்வெளியில் ஆயிரக்கணக்கில் மிருகங்கள் நடந்துபோகும் ஒன்றை எத்தனை தரம் பார்த்தாரோ தெரியாது. நான் சமையலறையில் நின்றபடியே இப்போது ஆறு வரும், இப்போது முதலை வரும் என்று சொல்லக்கூடியதாக இருந்தது.

சித்திரை மாதம் போல ஒரு மாலை, பயண முகவர் கடையில் எடுத்த வர்ணப் புத்தகம் ஒன்றை என் மடியில் வைத்தார்.

"இஞ்ச பாரும். இதுக்குப் போவமே?"

அட்டைப் படத்தில் பச்சைக் கூடாரம் ஒன்று. அதற்குப் பின்னால் ஒரு யானை நின்றது.

"கூடாரத்துக்குள்ளயோ படுக்கிறது?"

"ஓம். காம்பிங்."

"நான் காம்பில இருந்து வந்தவள். காசு குடுத்துத் திரும்ப ஏன் போவான்?"

அது பகிடியாகத்தான் என் வாயில் வந்தது. எண்பதுகளின் நடுவில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குப் போய், அம்மாவோடும் தம்பிமாரோடும் ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை அகதி முகாமில் இருந்தவள் நான். அங்கிருந்துதான் கலியாணம் பேசி லண்டனுக்கு வந்தேன். அவருக்கு அது தெரியும். புத்தகத்தை என் மடியிலிருந்து எடுக்கப் பார்த்தார், எடுக்கவில்லை.

"இது வேற காம்ப் அப்பா," என்றார். "இதில நாங்கள் விரும்பின நேரம் வெளிக்கிடலாம்."

அவர் ஒன்றை வேண்டும் என்று கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. நான் ஓமென்றேன்.

ஹரோவில் இருந்த அவருடைய அக்காவுக்கு இது விளங்கவேயில்லை. விடுமுறை என்றால் கனடாவுக்கோ சுவிஸுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். "ஆபிரிக்காவில உங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அக்கா," என்றார் இவர். "அதுதான் போறம்."

நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தபடியால் கோடை விடுமுறையில்தான் போகலாம். ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை நைரோபியில் இறங்கினோம். ஆபிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று மெல்லிய பருத்திச் சட்டையோடு வந்திருந்தேன். விமான நிலையத்துக்கு வெளியே மூடிய வானம், சில்லென்ற காற்று. இவர் தன் பையைத் திறந்து என்னுடைய கம்பளிச் சட்டையை எடுத்து நீட்டினார். அந்த இடம் உயரமென்று வாசித்து அறிந்து, எனக்குச் சொல்லாமலே எடுத்துவைத்திருந்தார்.

எங்களை ஏற்றிப்போக ஒரு லொறி நின்றது. பின்பக்கத்தில் இருக்கைகளைப் பொருத்தி, பக்கங்களில் சுருட்டி ஏற்றக்கூடிய தடித்த துணி கட்டியிருந்தார்கள். பயணிகள் பத்துப் பேர் வரையில். சாரதி ஐம்பது வயது மதிக்கத்தக்க, உயர்ந்த, அதிகம் பேசாத மனிதர். அவரோடு மொம்பாசாப் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர், அவர் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். எங்களுக்கு முன் இருக்கையில் வட இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற தம்பதி. கணவர் முன்பு தபால்காரராக இருந்தவராம். மனைவி என்னை முதல் வசனத்திலேயே 'லவ்' என்று கூப்பிட்டு, தனக்குப் பாம்பைத் தவிர வேறொன்றுக்கும் பயமில்லை என்று சொல்லிவைத்தார்.

நகரம் முடிந்து, தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் முடிந்து, ஒரு வளைவில் தரை சட்டென்று கீழே இறங்கிப்போனது. பெரிய பள்ளத்தாக்கு. லொறியை ஓரமாக நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிப் படமெடுத்தார்கள். இவர் கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு தூரம் தெரியுது," என்றார்.

சாரதி ஹோர்ன் அடித்தபிறகுதான் வந்து ஏறினார்.

பள்ளத்தாக்கில் இறங்கியதும் வெயில் வந்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். தார்வீதி முடிந்து மண்வீதி தொடங்கியது. புழுதி பல்லுக்குள் நறநறத்தது. சிவப்புப் போர்வை போர்த்த மனிதர்கள் மாடுகளை ஓட்டிப் போனார்கள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அங்கே நின்ற மரங்களை எனக்குத் தெரியும். குடை விரித்ததுபோல மேலே தட்டையாக, நீண்ட வெள்ளை முள்ளோடு நின்றவை எங்கள் ஊர் உடைமரங்கள்தான், அல்லது அவற்றின் நெருங்கிய சொந்தம்.

"இஞ்சேருங்கோ, இது மன்னார் மாதிரிக் கிடக்கு."

அவர் என் பக்கம் குனிந்து பார்த்தார். "மன்னாருக்கு இப்ப ஆர் எங்களை விடுவினம்? இதையே வடிவாப் பாரும்."

நான் வடிவாகத்தான் பார்த்தேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. எங்கள் பக்கத்தில் யானை வந்தால் ஊரே வேறு பக்கத்தால் ஓடும். இங்கே யானை தெரிந்ததும் லொறியின் ஒரு பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் மறுபக்கத்துக்குப் பாய்ந்து வந்தார்கள். முதல் யானையைக் கண்டது முன்னாள் தபால்காரர். அது எங்களைக் கவனிக்காமல் ஒரு மரத்தை முறித்துத் தின்றுகொண்டிருந்தது. பிறகு ஒட்டகச்சிவிங்கிகள். பிறகு தாடி வைத்த மாடுகளைப்போல வில்டபீஸ்டுகள், முதலில் பத்து இருபதாக, பிறகு தரை கறுக்கும் அளவுக்கு. இவருடைய முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீடியோவில் பார்த்ததெல்லாம் இப்போது மணத்தோடு வந்துகொண்டிருந்தது.

அது நடந்தது மாரா என்ற வனவிலங்குக் காட்டின் எல்லையைக் கடந்து சிறிது தூரம் போனபின். வீதியின் இடது பக்கத்தில் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து வரிக்குதிரைகள் ஓடிவந்து வீதியைக் கடந்தன. சாரதி வேகத்தைக் குறைத்து அவற்றைப் போகவிட்டு மறுபடி நகர்த்தினார். அப்போது பின்தங்கிய குட்டி ஒன்று புல்லிலிருந்து பாய்ந்து நேராக லொறிக்கு முன்னால் வந்தது. லொறி ஒரு பக்கமாக இழுபட்டு நின்றது. தண்ணீர்ப் போத்தல்கள் உருண்டன. முன் இருக்கையில் இருந்த தபால்காரர் மனைவியின் முழங்கால் கம்பியில் அடிபட்டது. புழுதி எழும்பி எங்களை மூடியது, எதுவும் தெரியவில்லை.

சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, லொறியின் முன்பக்கம் போய்க் குனிந்தார்.

"பாக்கவேண்டாம் எண்டு சொல்லும்," என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விரல் கணுக்கள் வெளுத்துப்போயிருந்தன. கண்ணை மூடியிருந்தார்.

"அந்தாளைப் பாக்கவேண்டாம் எண்டு சொல்லும். கீழ பாக்கவேண்டாம்."

தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதும் சாரதிக்கு விளங்காது என்பதும் அவர் நினைவில் இல்லை. எட்டிப் பார்த்தேன். புழுதி மெல்ல அடங்கியது. குட்டி வீதியின் மறுபக்கத்தில் நின்றது. கால்கள் நடுங்கினவே தவிர ஒரு காயமும் இல்லை. தாய் திரும்பி ஓடிவந்து அதை மணந்து பார்த்தது.

"ஒண்டும் நடக்கேல்லை அப்பா. குட்டி அங்கால நிக்குது. தாயும் வந்திட்டுது. கண்ணைத் திறந்து பாருங்கோ."

அவர் திறக்கவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. அவருடைய கைமேல் என் கையை வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். குட்டி இப்போது தாயின் வயிற்றுப் பக்கம் போகிறது. இப்போது முட்டுகிறது. இப்போது பால் குடிக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் வலது பக்கம் சாய்ந்து படமெடுத்துக்கொண்டிருந்தபடியால் எங்களை யாரும் கவனிக்கவில்லை, முன் இருக்கை அம்மாவைத் தவிர. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓர் இனிப்பை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் இவர் கண்ணைத் திறந்தார். நெடுநேரம் அந்தக் குட்டியைப் பார்த்தார். சாரதி ஏறி எஞ்சினை இயக்கும்வரை பார்த்தார்.

முகாம் ஓர் ஆற்றின் வளைவில் இருந்தது. கூடாரங்களைப் பயணிகளே போடவேண்டும் என்பது அந்தப் பயணத்தின் ஒழுங்கு. ஒவ்வொரு சோடிக்கும் ஒரு பச்சை மூட்டையைத் தந்தார்கள். நான் அதை அவிழ்த்தபோது வெயிலில் சூடேறிய கன்வஸ் துணியின் மணம் முகத்தில் அடித்தது. அந்த மணத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிறகு தடிகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கினேன். கயிற்றை எந்தப் பக்கம் இழுத்தால் துணி விறைப்பாக நிற்கும், முளையை எந்தச் சாய்வில் அடித்தால் காற்றுக்குக் கழலாது என்பதெல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. பழைய கூடாரத்துக்குக் கதவு இல்லை, ஒரு சீலையைத்தான் தொங்கவிட்டிருந்தோம். இதற்கு ஸிப் இருந்தது. உள்ளே போய் அதை இழுத்து மூடிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன். நல்லாயிருந்தது.

இவர் உதவிக்கு வரவில்லை. லொறிப் பக்கம் போய் நின்றார். சாரதி சக்கரத்தடியில் குந்தியிருந்து எதையோ சோதித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இவரும் பக்கத்தில் குந்தினார். இருவரும் ஆங்கிலத்தில் பேசியது நான் முளை அடித்த இடத்துக்குக் கேட்டது. இந்தப் பாரத்தை எது நிறுத்துகிறது என்று இவர் கேட்டார். காற்றழுத்தம் என்றார் சாரதி. ரயிலிலும் காற்றுத்தான் என்றார் இவர். நீங்கள் ரயில் ஓட்டுகிறவரா என்று சாரதி நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு பேரும் பிரேக்கைப் பற்றியே பேசினார்கள். மழைக்கு எப்படி, இறக்கத்தில் எப்படி, பாரம் கூடினால் எப்படி என்று. இவர் இவ்வளவு வசனங்களைத் தொடர்ச்சியாகப் பேசிக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. நான் அடித்த முளையையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் ரயில் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று சாரதி கேட்டார். இவர் எழும்பி, லொறியிலிருந்து ஆற்றங்கரையில் நின்ற ஒரு மரம் வரை கையைக் காட்டினார். சாரதி அந்தத் தூரத்தைப் பார்த்தார்.

அதற்குள் யாராவது வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"ஒன்றும் செய்ய முடியாது," என்றார் இவர்.

சாரதி தலையை ஆட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

இவர் கூடாரத்துக்கு வந்தார். நான் மடக்குக் கதிரைகள் இரண்டை விரித்து வைத்திருந்தேன். சமையல்காரர் கொடுத்த தேநீர் தகரக் கோப்பைகளில் ஆவி பறந்தது. ஆற்றுக்கு அப்பால் வெயில் சாய்ந்து புல்லெல்லாம் மஞ்சளாகியிருந்தது. வில்டபீஸ்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"இளந்தாரிப் பொடியன்," என்றார் அவர்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இருபத்தைஞ்சு இருக்கும். நீலக் கோட்டுப் போட்டிருந்தவன். நான் அவனைக் கண்ட உடன பிரேக் பிடிச்சிட்டன். அதை எல்லாரும் சொன்னவை. விசாரணையிலயும் சொன்னவை, நான் பிந்தேல்லை எண்டு." கோப்பையின் விளிம்பை விரலால் துடைத்தார். "அவன் என்னைப் பாத்தவன். நேர கண்ணைப் பாத்தவன். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்த மனிசிக்கும் சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா அது உண்மையாப் போயிடும் போல கிடந்தது."

அவர் அழவில்லை. முன்னால் போகும் மிருகங்களைப் பார்த்துக்கொண்டே, வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார். ஒவ்வொரு நிலையத்துக்குள் நுழையும்போதும் மேடையில் நிற்பவர்களின் முகங்களைப் பார்க்காமல் இருக்கப் பழகியதைச் சொன்னார். பார்க்காமல் ஓட்டுவது சரியா என்ற பயத்தைச் சொன்னார். அந்தப் பொடியனுக்குத் தாய் தகப்பன் இருப்பார்களா, அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று யோசித்து முழித்துக் கிடந்ததைச் சொன்னார். அவர் சொல்லி முடித்தபிறகு எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது.

"நான் ஞாயிறு கோயிலுக்குப் போறபோதெல்லாம் அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துறனான்."

அவர் திரும்பினார். நான் கத்தோலிக்கம், அவர் சைவம். ஸ்ட்ரெதம் கோயிலுக்கு நான் தனியேதான் போவேன்.

"ஆருக்கு? அவனுக்கோ?"

"ஓம். பேர் தெரியாது. அந்த ஆள் எண்டு சொல்லித்தான் செபிக்கிறது."

"எப்ப தொடக்கம்?"

"அது நடந்ததுக்கு அடுத்த ஞாயிறு தொடக்கம்."

"நீர் எனக்குச் சொல்லேல்லையே."

"நீங்களும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே. உங்களுக்கு அது வருத்தமோ எண்டு எனக்குத் தெரியாது."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையின் அடியைப் பார்த்தபடி, "அதை விடாதேயும்," என்றார்.

சமையல்காரர் ஒரு கரண்டியால் சட்டியில் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். அவித்த அவரைக் கறியும் சப்பாத்தியும். அவர்கள் மொழியிலும் அதற்குச் சப்பாத்தி என்றுதான் பெயர் என்பதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். கறியில் உறைப்பே இல்லை. நான் ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூளை எடுத்தேன். சமையல்காரர் அதை வாங்கி மணந்து பார்த்து, தனக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். அடுத்தது முன்னாள் தபால்காரர் தட்டை நீட்டினார். ஒரு வாய் வைத்ததும் முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் வடிந்தது. அவருடைய மனைவி அவருடைய முதுகில் தட்டிக்கொண்டே, நாற்பது வருடத்தில் இந்த மனிதர் எனக்காக அழுததில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், சப்பாத்தி இன்னொன்று கேட்டு வாங்கினார்.

அந்த ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். லண்டனுக்குத் திரும்பியபின்னும் சில இரவுகள் அவருக்குக் கடினமாகத்தான் இருந்தன. ஆனால் அவை வந்தால் என்னை எழுப்பிச் சொல்லத் தொடங்கினார். முன்பு வேலையிடத்தில் அனுப்பிய அந்தப் பெண்மணியிடம் மறுபடி தானாகவே கேட்டுப் போனார். இன்னும் இரண்டு குளிர்காலம் ரயில் ஓட்டிவிட்டு, புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டப் பழக்கும் வேலைக்கு மாறினார். இப்படி ஒன்று நடக்கலாம், நடந்தால் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று முதல் கிழமையிலேயே அவர்களிடம் சொல்லிவிடுவாராம். அந்த வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார்.

சாப்பாடு முடிந்து கோப்பைகளைக் கழுவி வைத்தோம். ஆற்றுக்கு அப்பாலிருந்து மிருகங்களின் உறுமல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. காலில் போடும் சப்பாத்துகளை வெளியே விடவேண்டாம், கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சமையல்காரர் ஒவ்வொரு கூடாரமாக வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போனபோது இவர் சப்பாத்தோடேயே படுத்து நித்திரையாகியிருந்தார். கயிற்றை அவிழ்த்து இரண்டையும் மெதுவாகக் கழற்றினேன். உள்ளே நிறையச் செம்புழுதி. அதை வாசலில் தட்டிக் கொட்டிவிட்டு, அவற்றை எங்கள் தலைமாட்டில் வைத்துவிட்டு நானும் படுத்தேன்.